வட ஆற்காட்டில் ஒரு சைக்கிள் சுற்று: சீட்டில் வலியில்லாமல் உட்கார

வியாழன் மாலை, வேலூர்

நாளை விடியும் முன் கிளம்ப வேண்டும். வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை. மறுநாள் ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர். அங்கிருந்து காவலூர், ஆலங்காயம் வழியாக இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர். கடைசியாகப் பாலாற்றுப் பக்கமாக மறுபடி வேலூர். 1989-இல் பிரிக்கும்வரை இந்த ஊர்கள் எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். சமதரை, மலை, தேசிய நெடுஞ்சாலை மூன்றும் இந்தச் சுற்றில் இருக்கின்றன. சீட்டில் என்ன குறை இருந்தாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் சீட்டு வலி என்றதும் கடைக்குப் போய் ஜெல் கவர் வாங்கி மாட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மெத்தென்ற கவரில் எலும்பு உள்ளே அமுங்கும். அமுங்கிய இடத்து ஜெல் நடுவில் மேடாக எழும்பி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மென்மையான இடத்தை அழுத்தும். பத்து கிலோமீட்டர் சுகமாக இருக்கும், நாற்பதாவது கிலோமீட்டரில் மரத்துப்போகும். உடல் எடையைத் தாங்க வேண்டியது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள்தான். அந்த இரண்டும் சீட்டின் அகலமான பகுதியில் சரியாக உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு அளவு வேண்டும். அட்டைப்பெட்டியில் இருந்து உள்ளே நெளிநெளியாக இருக்கும் அட்டையை ஒரு முழம் வெட்டி எடுங்கள். சிமெண்ட் திண்ணை அல்லது வாசற்படியில் வைத்து, மெல்லிய துணியோடு அதன்மேல் உட்காருங்கள். காலடியில் ஒரு செங்கல் வைத்தால் முட்டி சற்று உயரும், எலும்பு நன்றாகப் பதியும். சைக்கிளில் குனிவதுபோல் முன்னால் சாய்ந்து அரை நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். சரியாகத் தெரியவில்லை என்றால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவுக்கு அளக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 100-இல் இருந்து 140 மி.மீ.க்குள் வரும், பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் கூடும். அதோடு 20 முதல் 25 மி.மீ. கூட்டினால் குனிந்து ஓட்டும் சைக்கிளுக்கான சீட்டின் அகலம். குழி 115 மி.மீ. என்றால் 140 மி.மீ. சீட்டைத் தேடுங்கள். ஆளின் பருமனுக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமில்லை. ஒல்லியானவருக்கு அகல எலும்பு இருக்கலாம்.

பால்காரர்கள் ஓட்டும் பெரிய சைக்கிளின் ஸ்பிரிங் சீட்டு அகலமாக இருப்பது தப்பில்லை. அதில் நிமிர்ந்து உட்காருவதால் மொத்த எடையும் பின்பக்கம் இறங்குகிறது. அதே சீட்டை ஹேண்டில் தாழ்ந்த சைக்கிளில் மாட்டினால் தொடையின் உள்பக்கம் ஒவ்வொரு மிதிக்கும் உரசும்.

அடுத்தது உயரம். வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, கனமான நோட்டுப்புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டு அழுத்துவதுபோல இறுக்கமாக மேலே தள்ளிப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை உள்ள அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. வந்தால் 70.6 செ.மீ. கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட் பைப் போகும் கோட்டிலேயே சீட்டின் மேல்பகுதி வரை இந்த அளவு இருக்க வேண்டும். இது தொடக்கம்தான். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்போது முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் சின்ன மடிப்பு மிஞ்சும். உயரம் கூடினால் இடுப்பு இடமும் வலமும் ஆடி, உராய்ந்து புண்ணாகும். குறைந்தால் கால் எடையைத் தாங்காது, அத்தனையும் சீட்டில் இறங்கும், முட்டியின் முன்பக்கமும் வலிக்கும்.

சீட்டை முன்பின் தள்ளிச் சரிசெய்வதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சைக்கிளைச் சுவரோரம் நேராக நிறுத்தி ஏறி உட்கார்ந்து, இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்போது முன்கால் முட்டிச்சில்லுக்குக் கீழே நூலைப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் பெடல் அச்சின் மேல் விழுந்தால் நல்ல ஆரம்பம். ஒன்று கவனிக்க வேண்டும்: சீட்டை 10 மி.மீ. பின்னால் தள்ளினால் பெடலில் இருந்து தூரமும் ஏறக்குறைய 3 மி.மீ. கூடுகிறது. அந்த 3 மி.மீ.யை உயரத்தில் குறைக்க வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு, சரியாக இருந்த உயரம் எப்படிக் கெட்டது என்று தேடுவார்கள்.

சாய்வுக்கு ரசமட்டம். சீட்டின்மேல் மரப்பலகை ஒன்றை நீளவாட்டில் வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழ் நடுவில் நின்றால் சரி. சீட்டின் மூக்கு, அதாவது ஒடுங்கிய முன்முனை, 1 அல்லது 2 டிகிரி கீழே இருக்கலாம். அதற்குமேல் சாய்த்தால் உடம்பு முன்னால் சறுக்கும், கைகள் தள்ளித் தள்ளி உள்ளங்கை மரக்கும். மூக்கு மேலே இருந்தால் முன்பக்கம் அழுத்தும்.

சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. ஆலன் கீ தேவைப்படும். இறுக்கும் அளவு சீட் போஸ்ட்டிலேயே (சீட்டைத் தாங்கிப் பிரேமுக்குள் இறங்கும் குழாய்) அச்சடித்திருக்கும், அதைத் தாண்டாதீர்கள். போஸ்ட் குறைந்தபட்சம் எவ்வளவு பிரேமுக்குள் இருக்க வேண்டும் என்று காட்டும் கோடு ஒன்றும் அதில் உண்டு. அந்தக் கோடு பிரேமுக்கு வெளியே தெரிந்தால் போஸ்ட் போதாது, நீளமானது வாங்க வேண்டும்.

வெள்ளி, வேலூர் – திருவண்ணாமலை

நாலரைக்குக் கிளம்பினால் பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி எல்லாம் குளிர்ச்சியோடு கடந்துவிடும். இந்தப் பக்கத்தில் வெயில்தான் சீட்டு வலியின் பாதிக் காரணம். வியர்வை ஊறிய தோல் எளிதில் உரியும், வியர்வை காய்ந்தால் உப்பு மணல் தாள்போல் தேய்க்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தச் சுற்றுக்கு நல்ல காலம். கத்திரி வெயிலில் இந்த வழியில் பகலில் ஓட்டவே கூடாது.

கண்ணமங்கலம் தாண்டியதும் வலப்பக்கம் ஜவ்வாது மலை கூடவே வரும். சாலை ஏறக்குறைய சமம். சமதரை சுகம் என்று நினைப்போம், உண்மையில் சீட்டுக்குக் கஷ்டமான சாலை இதுதான். ஏற்றத்தில் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் புட்டத்தைத் தூக்குவோம். சமதரையில் ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம், ரத்தம் ஓடாது. ஆகவே எழுந்து நிற்பதை வழக்கமாக்க வேண்டும். 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்றால் 5 கி.மீ. கல் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். அந்தக் கல் தெரியும்போதெல்லாம் கியரை ஒன்றிரண்டு கடினமாக்கி, 20 முதல் 30 விநாடி எழுந்து நின்று மிதியுங்கள். கியரை மாற்றாமல் எழுந்தால் பெடல் வெறுமனே சுழன்று முட்டியை இழுக்கும். வலி வந்த பிறகு எழுவதில் பயன் குறைவு.

ஒவ்வொரு ஊர் முகப்பிலும் வேகத்தடை இருக்கிறது, பலவற்றில் வெள்ளைக்கோடு அழிந்துபோய் இருக்கிறது. பெடல்களை இணையாக நிறுத்தி, முட்டியை மடக்கி, புட்டத்தை இரண்டு விரற்கடை தூக்கிக் கடந்துவிடுங்கள். உட்கார்ந்தபடியே ஏறினால் அடி நேராக எலும்பில் விழும்.

முதுகுப்பையை அவிழ்த்துக் கேரியரில் கட்டுங்கள். முதுகில் 5 கிலோ என்றால் அதில் பெரும்பங்கு சீட்டின் வழியாகவே இறங்குகிறது. தண்ணீர், டியூப், சட்டை எல்லாம் சக்கரத்தின் மேல் இருக்கட்டும்.

இனி உடை. பேடிங் (உட்காரும் இடத்தில் மெத்தைத் துணி) வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக்கூடாது. தையல் விளிம்பு இரண்டும் சேர்ந்து தொடையிடுக்கில் கோடு கிழித்துவிடும். பேடு இரண்டு விரல் தடிமன் இருந்தால் நல்லது என்பது தவறான எண்ணம். அடர்த்தியாக இருக்க வேண்டும், உட்காரும் எலும்பு படும் இடத்தில் நடுத்தையல் ஓடக் கூடாது. ஷார்ட்ஸ் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் துணியும் தோலும் தனித்தனியாக நகரும். வெளியே அரைக்கால் சட்டை போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். கிராமத்து டீக்கடையில் உட்கார அது வசதிதான்.

உராய்வுக்குக் கிரீம். கிளம்பும் முன் தொடையிடுக்கிலும் எலும்பு படும் தோலிலும் ஒரு சுண்டுவிரல் நுனியளவு தடவுங்கள், 60 கி.மீ. தாண்டியதும் மறுபடி. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உருகிவிடும், எனவே இங்கே சீக்கிரம் துணிக்குள் இறங்கிப் போய்விடும். அவசரத்துக்கு மட்டும் அது. பெட்ரோலியம் ஜெல்லி நிற்கும், ஆனால் பேடில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பவுடர் வேண்டவே வேண்டாம். வியர்வையில் உருண்டை உருண்டையாகத் திரண்டு அதுவே உறுத்தும். ஏற்கனவே சிவந்த தோலில் மெந்தால் கலந்த கிரீம் படக்கூடாது, எரிச்சல் தாங்காது.

போளூரில் இட்லி சாப்பிட நிற்கும்போது சும்மா உட்கார்ந்துகொண்டே இருக்காதீர்கள். நடந்து சாப்பிடுங்கள், அல்லது நின்று.

திருவண்ணாமலை வந்ததும் முதல் வேலை குளியல், அடுத்தது லுங்கி. ஈர ஷார்ட்ஸோடு ஓட்டலில் சாப்பிடப் போகிறவர்களுக்குத்தான் மறுநாள் கட்டி வருகிறது. சாதாரண சோப்பால் கழுவி, துடைத்து, காற்றுப்படும் லுங்கியில் இரவு முழுவதும் இருப்பதைவிட நல்ல மருந்து இல்லை. ஷார்ட்ஸை உடனே அலசி, பேடு வெளியே தெரியும்படி புரட்டி, உலர்ந்த துண்டில் சுருட்டி முறுக்கிப் பிழிந்து காயப்போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் கூடாது, அது பேடின் வியர்வை உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். காயாவிட்டால் மாற்று ஷார்ட்ஸ் வேண்டும், எனவே இரண்டு எடுத்துவருவது கட்டாயம்.

தோல் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு கலந்த, குழந்தைகளுக்குப் போடும் கிரீமை இரவில் தடவுங்கள். மயிர்க்காலில் சின்னச் சீழ்க்கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், கிள்ளாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் ஒற்றினால் பெரும்பாலும் அடங்கும். கெட்டியாக உருண்டு வலித்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கொப்புள நிலையிலேயே காட்டிவிடுவது நல்லது.

சனி, திருவண்ணாமலை – ஜமுனாமரத்தூர்

போளூர் வரை வந்த வழியே திரும்பி, அத்திமூர்ப் பக்கம் மலையேற்றம். வெயிலுக்கு முன் அடிவாரம் சேர்ந்துவிட வேண்டும்.

ஏற்றத்தில் சீட்டுக்கு நடக்கும் ஒன்றைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 6 சதவீத ஏற்றத்தில் சைக்கிள் முழுவதும் ஏறக்குறைய 3.4 டிகிரி பின்னால் சாய்கிறது. 8 சதவீதத்தில் 4.6 டிகிரி. வியாழனன்று ரசமட்டத்தில் நேராக வைத்த சீட்டு, இந்த மலையில் மூக்கு தூக்கிய சீட்டாகிவிடும். மணிக்கு 8, 9 கி.மீ. வேகத்தில் இரண்டு மணி நேரம் அப்படியே ஏறினால் முன்பக்கம் அழுந்தி மரத்துப்போவதில் ஆச்சரியமில்லை. மலைக்காகச் சீட்டை நிறையச் சாய்த்துவிட்டால் நாளை மறுநாள் நெடுஞ்சாலையில் கை மரக்கும். ஆகவே 1 டிகிரி வரை மட்டும் மூக்கை இறக்கி, மீதியை உடம்பால் சரிசெய்ய வேண்டும். ஏற்றத்தில் சீட்டின் அகலப் பகுதிக்குப் பின்னால் நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெளிப்பக்கமாக, எதிரே வண்டி இல்லையென்று பார்த்து, எழுந்து மிதியுங்கள். வளைவின் உள்பக்கத்தைவிட வெளிப்பக்கத்தில் ஏற்றம் குறைவு.

கியர் ரொம்ப இலேசாக இருந்து கால் வேகமாகச் சுழன்றால் புட்டம் சீட்டில் குதிக்கும். அந்தக் குதிப்பு நின்றுபோகும் அளவுக்குக் கியரை ஒன்று ஏற்றுங்கள். மிதிக்கு எதிர்ப்பு இருந்தால்தான் கால் எடையில் ஒரு பங்கைத் தாங்கும்.

மரத்துப்போவதைப் பற்றி விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். எலும்பு படும் இடத்தில் வலி என்பது தோலும் தசையும் பழகாததன் வலி. சில வாரங்கள் ஒழுங்காக ஓட்டினால் குறையும். முன்பக்கம் மரத்துப்போவது வேறு. அங்கே ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் சீட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்குகின்றன. அதைப் பழகிவிடும் என்று விடக்கூடாது. ஆண்கள் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பெண்களுக்கும் இதே இடத்தில் வீக்கமும் எரிச்சலும் வரும், அவர்கள் இன்னும் அதிகமாக மறைக்கிறார்கள். மரத்த உணர்வு தெரிந்ததும் இறங்குங்கள். முதலில் மூக்கின் சாய்வைப் பாருங்கள், பிறகு உயரம், பிறகு ஹேண்டில். ஹேண்டில் தாழ்வாகவோ தூரமாகவோ இருந்தால் இடுப்பே முன்னால் உருண்டு எலும்பை விட்டு இறங்கிவிடும். தூரப் பயணத்துக்கு ஹேண்டில் சீட்டின் மட்டத்தில் இருப்பதே நல்லது, பந்தயச் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் மரக்கிறது என்றால் நடுவில் பள்ளமோ துவாரமோ உள்ள சீட்டுக்கு மாறுங்கள். இறங்கிய பின்னும் சில மணி நேரம் உணர்வு திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாற்றம் எதுவானாலும் ஒன்றை மட்டும், 3 மி.மீ. அல்லது 1 டிகிரி. பிறகு ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். உயரம், சாய்வு, முன்பின் மூன்றையும் ஒரே நிறுத்தத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜமுனாமரத்தூரில் குளிர் இதமாக இருக்கிறது. துவைத்த ஷார்ட்ஸ் இந்தக் குளிரில் காலைக்குள் காயாது, மாற்று ஷார்ட்ஸ் நாளைக் காலை தேவைப்படும்.

ஞாயிறு, ஜமுனாமரத்தூர் – ஆம்பூர்

காலையில் காவலூர். மரங்களுக்கு மேலே வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிகிறது. அதற்குள் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு. ஆலங்காயம் வரை இறக்கம். இறக்கத்தில் சீட்டில் உட்காரவே வேண்டாம். பெடல்கள் இணையாக, முட்டி இளக்கமாக, தொடைகள் சீட்டின் மூக்கை லேசாகப் பிடித்தபடி இறங்குங்கள். இதுவரை அழுந்திய தோலுக்கு இது இலவச ஓய்வு.

ஆம்பூர் பக்கம் வந்துவிட்டால் தோல் பதனிடும் வாடை காற்றிலேயே வரும், தோல் சீட்டைப் பற்றி இங்கே எழுதுவதுதான் பொருத்தம். நீண்ட தூரத்துக்குத் தோல் சீட்டு பலருக்கு நன்றாக ஒத்துவருகிறது. அதில் பஞ்சோ ஜெல்லோ கிடையாது. தடித்த தோலை முன்னும் பின்னும் ரிவிட் அடித்து இழுத்துக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். எலும்பு படும் இடத்தில் தோல் தாழ்ந்து அந்த ஆளுக்கென்று குழி விழும். அதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை கல் மாதிரி இருக்கும். முதல்முறையாக அதைப் போட்டுக்கொண்டு நேராக 200 கி.மீ. போகக் கூடாது.

எந்தத் தோல் என்பது முக்கியம். இந்தச் சீட்டுகளுக்குத் தாவரப் பதம் செய்த மாட்டுத்தோல்தான் வேண்டும், அதுவும் 4, 5 மி.மீ. தடிமனில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது இந்தப் பகுதியின் பழைய தொழில். அப்படிப் பதனிட்ட தோல் விறைப்பாக நின்று, ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் வடிவம் எடுக்கும். இன்று ஆம்பூர்ச் செருப்புத் தொழிலுக்குப் போவது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்ட மெல்லிய தோல், ஒன்றரை மி.மீ.க்குள். அது குழையும், வடிவம் பிடிக்காது. தெரிந்த இடத்தில் தோல் கிடைக்கிறது என்று வாங்கிச் சீட்டுக்கு உறை தைத்தால் நடுத்தையல் உறுத்தும், மடிப்பு விழும். வேண்டாம்.

தோல் சீட்டின் பராமரிப்பு சுலபம். அதற்கென்று விற்கும் மெழுகைப் புதிதில் மேலேயும் அடியிலும் ஒருமுறை, பிறகு மாதக்கணக்கில் ஒருமுறை மெல்லியதாக. கார் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற்றி ஊறவைத்தால் தோல் தொய்ந்து தொட்டில்போல் ஆகிவிடும், பிறகு நிமிராது. மூக்கின் அடியில் உள்ள இழுவை நட்டைத் தோல் தொய்ந்தது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கால் சுற்று இறுக்குங்கள். மழை வந்தால் பிளாஸ்டிக் பை போட்டு மூடுங்கள். நனைந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து ஓட்டினால்தான் அது கெடும். நனைந்துவிட்டால் நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

திங்கள், ஆம்பூர் – வேலூர்

பள்ளிகொண்டா வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 48, சுமார் 50 கி.மீ. சர்வீஸ் சாலை இருக்கும் இடத்தில் அதிலேயே போங்கள், லாரிகளோடு போட்டி வேண்டாம்.

இன்று டயர் காற்றைப் பற்றி மட்டும். ரோடு அதிர்வு முழுவதும் டயர் வழியாகத்தான் சீட்டுக்கு வருகிறது. கடைக்காரர் கல் மாதிரி அடித்துக் கொடுத்த காற்றோடு ஓட்டினால் எந்தச் சீட்டும் வலிக்கும். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்றால், 28 மி.மீ. டயருக்குப் பின்னால் 75, முன்னால் 68 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டரில் காட்டும் காற்றழுத்த அளவு), 32 மி.மீ. என்றால் 60, 52, 35 மி.மீ. என்றால் 50, 45 என்று ஆரம்பித்து, 3 பிஎஸ்ஐ அளவில் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் குழியில் ரிம் இடித்து டியூபில் இரண்டு பக்கமும் ஓட்டை விழும். அப்படிப் பஞ்சரானால் 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். எதிர்காலத்தில் டயர் மாற்றும்போது பிரேம் இடங்கொடுக்கும் மட்டும் அகலமானதைப் போடுங்கள். விலையுயர்ந்த சீட்டைவிட இது அதிகம் உதவும்.

காட்பாடியில் ரயில் ஏறுபவர்கள் சைக்கிளைப் பார்சலில் போடச் சீட்டை இறக்கவோ கழற்றவோ நேரிடும். கழற்றும் முன் சீட் போஸ்ட் பிரேமுக்குள் போகும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள், டேப்பின் கீழ்விளிம்பு பிரேமைத் தொட வேண்டும். சீட்டுக்கு அடியிலுள்ள கம்பிகளில் கிளாம்ப் நிற்கும் இடத்தையும் பெயிண்ட் பேனாவால் கோடிடுங்கள். கிராங்க் அச்சிலிருந்து சீட்டு வரை உள்ள உயரம், சீட்டு மூக்கிலிருந்து ஹேண்டில் வரை உள்ள தூரம், சாய்வு டிகிரி மூன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், ஊரில் இறங்கி ஆலன் கீயைக் கையில் எடுக்கும்போது ஐந்து நிமிடத்தில் பழைய இடத்தில் பொருந்திவிடும்.